பீரங்கி கடலைப் பாத்தது, பிளேன் மேலால வந்தது: அம்மாவோட இருந்து இந்தத் தொடரைப் பாக்கலாமோ?

கோண்டாவிலாள்:

வணக்கம். வாற வெள்ளிக்கிழமை, 2024 தை 26, அப்பிள் ரீவியில ‘மாஸ்டர்ஸ் ஒஃப் தி எயார்’ தொடங்குது. ஸ்பீல்பேர்க், ரொம் ஹாங்ஸ் ஆக்களின்ர தயாரிப்பு. ரெண்டாம் உலகப்போரில இங்கிலாந்தில இருந்து ஜேர்மனிக்குக் குண்டு போடப் போன அமெரிக்கப் பெடியளின்ர கதை. ட்ரெயிலரை ஏழெட்டுத் தரம் பாத்திட்டன். ரொறன்ரோவில இருக்கிற மருமகன் தன்ர கணக்கைத் தந்திருக்கிறான். எல்லாம் ஆயத்தம். கேள்வி அம்மாவைப் பற்றினது.

அம்மான்ர அப்பா, அதாவது என்ர அம்மப்பா, அந்தப் போரில திருகோணமலையில நிண்டவர். சிலோன் கரிசன் ஆட்டிலறி எண்ட பீரங்கிப் படை. 1942 சித்திரை 9ஆம் திகதி காலமை யப்பான்காரன் வந்து குண்டு போடேக்க அவர் ஒஸ்ரன்பேர்க்கில கரையோரப் பீரங்கியடியில. அவர் அதைப் பற்றிக் கதைச்சதே குறைவு. கதைச்சாலும் ஒரே கதைதான்: “எங்கட பீரங்கி கடலைப் பாத்துக்கொண்டு நிண்டது. அவன் மேலால வந்தான்.” கப்பலுக்கு அடிக்கப் பழக்கின பீரங்கி, ஆகாயத்துக்கு நிமிராது. ரீ குடிச்ச கோப்பை கையில இருக்க, அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டவையாம். இதைச் சொல்லிப்போட்டுத் தானே சிரிப்பார். நாங்களும் சிரிப்பம்.

86இல எங்கட ஊருக்கு மேல ஹெலி சுத்தி அடிக்கேக்க எல்லாரும் பங்கருக்குள்ள. அவர் மட்டும் விறாந்தையில சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பமாட்டன் எண்டவர். மேலால வாறவனுக்கு ஒண்டும் செய்யேலாது பிள்ளை, நான் முந்தியே பாத்தனான் எண்டு சொன்னவர். எனக்கு எட்டு வயது. அந்த வருசமே செத்துப்போனார். வருத்தம்தான், ஹெலியால இல்லை.

பிறகு நடந்தது இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அம்மா எங்களை இழுத்துக்கொண்டு எத்தினை தரம் பங்கருக்குள்ள இறங்கியிருப்பா எண்டு கணக்கில்லை. பனங்குத்தி அடுக்கி மேல மண்மூட்டை போட்டது. மழை பெஞ்சா முழங்காலளவு தண்ணி, தவளை. சத்தத்தை வைச்சே எந்தப் பிளேன் எண்டு அவ சொல்லிப்போடுவா, இது சகடை, இது புக்காரா எண்டு. இப்ப பலாலி எயார்போட்டுக்கு இந்தியாப் பிளேன் வந்து போகுது, 2019இல இருந்து. எழுபத்தாறு வயதிலயும் அந்தச் சத்தம் கேட்டா உலையில அரிசி போடப் போன கை அப்பிடியே நிண்டிடும். ரெண்டு செக்கன்தான். பிறகு போடுவா.

இப்பிடியான ஆளுக்கு முன்னால, ஒன்பது கிழமைக்குக் கிட்ட, குண்டுபோடுற பிளேன் சத்தத்தை ஓடவிடலாமோ? அவதான் பாக்கவேணும் எண்டு நிக்கிறா. ட்ரெயிலரைப் பாத்திட்டு என்னட்டக் கேட்டது ஒண்டு: “உதுக்குள்ள இருக்கிறவைக்குக் கீழ நிக்கிற ஆக்களைத் தெரியுமோ?” எனக்குச் சொல்லத் தெரியேல்ல. ஆராவது தெரிஞ்சா சொல்லுங்கோ.

இன்னொண்டு. அம்மப்பான்ர படம் ஒண்டுதான் இருந்தது, காக்கி உடுப்போட. 95 ஐப்பசியில இடம்பெயரேக்க அது சுவரிலயே நிண்டிட்டுது. மெடல் மட்டும் வந்தது, காணி உறுதியோடயும் தாலிக்கொடியோடயும் ஒரே சீலைத்துண்டில முடிஞ்சு, நாவற்குழிப் பாலத்தில அந்தச் சனத்துக்குள்ளால. ஒரு பக்கம் ராசான்ர தலை. மற்றப் பக்கம் சிங்கம் ஒண்டு ரெண்டு தலைப் பாம்புமாதிரி ஒண்டில ஏறி நிக்குது. திரும்பி வரேக்க சோதனையில ஆமிப் பெடியன் ஒருத்தன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கிறான். அம்மா தனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில “மகே தாத்தா” எண்டிருக்கிறா. சிங்களத்தில தாத்தா எண்டா அப்பா. அவன் சிங்கத்தைத் தடவிப்போட்டுத் திருப்பிக் குடுத்திட்டானாம். ஆனா அதில பேரோ நம்பரோ ஒண்டும் இல்லை. அப்ப அது அவற்றைதான் எண்டு எப்பிடித் தெரியிறது?

ஸ்காபரோ குளிர்:

அக்கா, முதல்நாள் ரெண்டு பாகம் சேத்து விடுகினம். பிறகு வெள்ளிக்கு வெள்ளி ஒவ்வொண்டு, பங்குனி 15 மட்டும். மொத்தம் 9. அதால எட்டுக் கிழமை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

இந்தத் தொடருக்கு அடிப்படையான புத்தகத்தை நான் வாசிச்சனான். 100ஆவது குண்டுவீச்சுப் படைப்பிரிவு, நோர்ஃபோக்கில தோர்ப் அபொட்ஸ் எண்ட இடத்தில இருந்து பறந்தவை. ஒரு பி-17 குண்டுப் பிளேனில பத்துப் பேர். உள்ளுக்குள்ள ஹீற்றர் இல்லாத லொறி மாதிரி, பக்கத்து யன்னல் திறந்து கிடக்கும், 25,000 அடியில மைனஸ் நாப்பது. நான் இஞ்ச பஸ் ஸ்ராண்டில மைனஸ் இருபதுக்கே அழுறனான். 1943 ஐப்பசி 10, மூன்ஸ்ரர் எண்ட ஊருக்குப் போன அந்தப் பிரிவின்ர பிளேன் 13. திரும்பி வந்து இறங்கினது ஒண்டு.

அம்மா கேட்டதுக்கு மறுமொழியும் அந்த நாளிலதான் கிடக்கு. அந்த உயரத்தில ஆக்களைத் தெரியாது. றோட்டு, ஆறு, கூரைக் கூட்டம், அவ்வளவுதான். ஆனா அண்டைக்குக் குறி வைச்சது பக்ரறிக்கு இல்லை, ஊரின்ர நடுவுக்கு. வேலையாக்கள் குடியிருக்கிற இடம், பெரிய கோயிலுக்குக் கிட்ட. ஞாயிற்றுக்கிழமை வேற. காலமை அதைச் சொல்லேக்க பெடியளில சிலருக்கு மனம் ஒப்பேல்லையாம். வேற சிலர் கையும் தட்டினவையாம். தெரியாது, ஆனா தெரியும். இப்பிடித்தான் எனக்குச் சொல்லேலும். தொடரில இதை எவ்வளவு காட்டுவினமோ பாப்பம்.

உரும்பிராய் உதயன்:

வெள்ளைக்காரன் தன்ர சண்டையைக் கோடிக்கணக்கில காசு போட்டு எடுக்கிறான், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறம். எங்கட பங்கரை ஆர் எடுக்கிறது?

கோண்டாவிலாள்:

உதயன், எடுங்கோ. பனங்குத்தி நான் தாறன். தவளைக்கும் ஆள் இருக்கு.

திருமலைப் பென்சனியர்:

பிள்ளை, உங்கட அம்மப்பான்ர கதையில ஒரு பிழையும் இல்லை. அண்டைக்கு வந்தது கப்பல் இல்லை, விமானந்தாங்கிக் கப்பல்களில இருந்து எழும்பின பிளேன்கள். கப்பல்கள் கண்ணுக்கெட்டாத தூரத்தில. அதுக்கு நாலு நாள் முந்தி, ஈஸ்ரர் ஞாயிறு அண்டு, கொழும்புக்கு அடிச்சவங்கள். கரையோரப் பீரங்கிக்காரருக்கு அண்ணாந்து பாக்கிறதைத் தவிர என்ன வேலை.

சைனாபே எண்ணெய்த் தாங்கியளில ஒண்டுக்கு மேல ஒரு பிளேன் வந்து விழுந்து, ஏழு நாள் எரிஞ்சது எண்டு சொல்லுவினம். அம்மப்பா அந்தப் புகையைப் பற்றிச் சொல்லேல்லையோ? என்ர தகப்பனார் சாகும்வரைக்கும் அதைத்தான் சொன்னவர். பிரித்தானியாவின்ர ஹேர்மிஸ் கப்பலை முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியால அனுப்பினவங்கள், தப்பட்டும் எண்டு. விமானந்தாங்கி, ஆனா அண்டைக்கு அதில பிளேன் ஒண்டும் இல்லை. மட்டக்களப்புக்கு நேர யப்பான்காரர் தாட்டுப்போட்டாங்கள். 307 பேர் செத்தவை. இப்பவும் அடியில கிடக்கு, சுழியோடிகள் போய்ப் பாக்கினம்.

மெடலுக்கு வாறன். நீங்கள் சொல்லுறது 1939–45 போர்ப் பதக்கம். அந்தப் போருக்குக் குடுத்த பதக்கங்களில பிரித்தானியா பேர் வெட்டேல்ல. முதலாம் போருக்கு விளிம்பில பேர், நம்பர் எல்லாம் வெட்டினவங்கள். இதுக்கு ஆக்கள் கூடிப்போச்சு, சும்மா பெட்டியில போட்டு அனுப்பினாங்கள். பேர் இல்லாததால அது அவற்றை இல்லை எண்டு ஆகாது. சிங்கம் மிதிக்கிறது பாம்பு இல்லை, ரெண்டு தலை ட்ராகன். நாடா சிவப்பு, நீலம், வெள்ளையாய் இருக்கவேணும், பாருங்கோ.

திருமலைப் பக்கம் வந்தா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நிலாவெளி றோட்டில போர்க் கல்லறை இருக்கு, வடிவாப் பராமரிக்கினம். கடற்படை முகாமுக்குள்ள ஹூட்ஸ் ரவர் நூதனசாலையில பழைய கரையோரப் பீரங்கியும் நிக்குது. அனுமதி எடுக்கவேணும், அடையாள அட்டையை மறக்காதேங்கோ. பீரங்கி இப்பவும் கடலைத்தான் பாக்குது.

கோண்டாவிலாள்:

ஐயா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். புகை எண்ட உடன எழும்பிட்டா. அம்மப்பா எந்த நாளும் கிணத்தடியில குப்பை எரிக்க விடமாட்டாராம், எண்ணெய்ச் சாக்கு எரிச்சா தடியெடுத்துக்கொண்டு வருவாராம். ஏன் எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லையாம். நாடா பாத்தன், சிவப்பும் நீலமும் இருக்கு. வெள்ளை எண்டது இப்ப ரீ நிறம்.

தம்பி குளிர், மூன்ஸ்ரர் கதையையும் சொன்னன். ஆக்களைத் தெரியாது எண்டதுக்கு “ம்” எண்டா. ஞாயிற்றுக்கிழமை எண்டதுக்குத்தான் ஏதோ சொல்ல வந்திட்டு, எழும்பிப் போய் அடுப்பைப் பாத்தா.

பாக்கிறது எண்டு முடிவாகிட்டுது. வியாழன் தைப்பூசம், கோயில். வெள்ளி பின்னேரம் தொடர். சத்தம் குறைச்சு, அடிபாடு வந்தா நிப்பாட்டி நிப்பாட்டி நான் தமிழில சொல்லவேணுமாம். மருமகன் ஸ்பீக்கர் வாங்கித் தாறன் எண்டவன், வேண்டாம் எண்டிட்டன். மெடலை ரீவிக்குப் பக்கத்தில வைக்கப்போறாவாம். அதுக்கு முந்திப் பழப்புளி போட்டு மினுக்கட்டோ எண்டு கேக்கிறா. ஐயா, புளி போடலாமோ?

திருமலைப் பென்சனியர்:

ஐயையோ, வேண்டாம். புளியும் வேண்டாம், பிராசோ பொலிஷும் வேண்டாம். காஞ்ச துணியால துடைச்சாப் போதும். நாடாவைக் கழுவவும் கூடாது, அந்த ரீ நிறம் அப்பிடியே இருக்கட்டும்.