பொருள்: 'கிரிப்ட் மெல்ட்' – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

தொட்டிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் கடைகளில் நீர்ச்செடி வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பராமரிப்பு அட்டை தமிழில் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது: கிரிப்டோகோரின் (சுருக்கமாக 'கிரிப்ட்') என்கிற நீர்ச்செடிக்கு வரும் 'மெல்ட்'.

செடி வளர்க்காதவர்களுக்காக: புதுத் தொட்டியில் நட்ட சில நாளில் இலை நிறம் வெளிறி, அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். பிறகு காம்பு குழையும். விரல் பட்டாலே பிய்ந்து மிதக்கும். ஒரு வாரத்தில் செடி மொட்டை. ஆனால் மண்ணுக்குள் கிழங்கு கெட்டியாகவே இருக்கும். தொடாமல் விட்டால் சில வாரங்களில் குருத்து வரும்.

காரணம் பெரும்பாலும் இடமாற்றம்தான். பண்ணைகளில் இதை நீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை தடிப்பானது, மெழுகுப்பூச்சு உள்ளது, இலைத்துளை வழியாக மூச்சு வாங்குவது. நீரில் வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அங்கே அந்த இலை செல்லாக்காசு. செடி அதைக் கைவிட்டு, மெல்லிய நீரிலை விடுகிறது. வெளிச்சமோ வெப்பமோ நீரின் தன்மையோ சட்டென்று மாறினால் பழைய தொட்டியிலும் இது நடக்கும்.

பழைய அட்டையில் 'இலை அழுகல்' என்று இருந்தது. படித்தவர்கள் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். சிலர் மீன் மருந்தை ஊற்றினார்கள். சொல்லைக் கேட்டதும் கை செடிப்பக்கம் போகக்கூடாது. அதுதான் தேவை.

வயற்காட்டான் எழுதியது:

அழுகல் வேண்டாம் என்பது சரி. வேளாண்மையில் அழுகல், கருகல், வாடல் எல்லாமே 'நோய்' என்கிற வாலோடுதான் புழங்குகின்றன: இலைக்கருகல் நோய், வாடல் நோய், வேரழுகல் நோய். கேட்டவுடன் உழவர் கேட்பது 'என்ன மருந்து அடிக்க?' இங்கே அடிக்க மருந்தே இல்லை. பேச்சில் 'கரைஞ்சு போச்சு' என்கிறோம். 'இலைக்கரைசல்' என்று வைத்துவிடலாமே.

குற்றியலுகரம் எழுதியது:

ஐயா, உங்கள் துறையிலேயே 'ஐந்திலைக் கரைசல்' இருக்கிறதே! வேம்பு, நொச்சி, ஆடாதொடை என்று இடித்து ஊறவைத்துப் பூச்சிவிரட்டியாகத் தெளிப்பது. அட்டையில் 'இலைக்கரைசல்' என்று போட்டால் எவராவது வேப்பிலையை அரைத்துத் தொட்டியில் ஊற்றுவார்; மீன்களுக்குக் காரியம் நடத்தவேண்டியதுதான்.

குறை – குறைவு, நிறை – நிறைவு, மறை – மறைவு. அந்த வாய்பாட்டில் கரை – கரைவு. 'இலைக்கரைவு' என்பது இலையினது கரைவு, ஆறாம் வேற்றுமைத் தொகை. அஃறிணை என்பதால் ஒற்று மிகும். தயவுசெய்து 'இலை கரைவு' என்று பிரித்து அடிக்காதீர்கள்.

வல்லைவெளி எழுதியது:

வணக்கம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். பனிக்கட்டி உருகும், சீனி கரையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறம். இலை கரையிறேல்லை, இழையம் சிதைந்து துண்டு துண்டாய்ப் பிரியுது. அதைச் சொல்ல 'நைதல்' இருக்கு. 'இலைநைவு' பொருத்தம்.

இன்னுமொன்று. நீங்கள் விற்கிற கிரிப்டோகோரின் வகைகளான வெண்ட்டை, பெக்கெட்டி இரண்டும் இலங்கை ஓடைகளின் செடிகள். அங்கே தண்ணீர் வற்றினால் வெளியில் நிமிர்ந்து நின்று பூக்கும், தண்ணீர் ஏறினால் மூழ்கி வேறு இலை விடும். உங்களுடைய தொட்டியில்தான் அது 'பிரச்சினை'.

வேர்தேடி எழுதியது:

நண்பர்களே, ஏன் வேர் பார்க்காமல் கிளை பார்க்கிறீர்கள்? கிரிப்டோகோரின் என்பது கிரேக்கம்: கிரிப்டோஸ் என்றால் மறைந்தது, கோரினே என்றால் தண்டாயுதம். பூந்தண்டு மடலுக்குள் ஒளிந்திருப்பதால் அந்தப் பெயர். ஒளிதலுக்கு நம்மிடம் 'கரத்தல்' இருக்கிறது. கரவு, கரப்பு, கரந்துறைதல் எல்லாம் அதன் மக்கள். நான் சொல்வேன், கரைதலும் அந்தக் குடும்பமே: நீரில் கரைந்தது கண்ணுக்குக் கரந்ததுதானே? ஆகவே 'கரந்துறைவு'. இலையைக் கரந்து செடி கிழங்கில் உறைகிறது. நோய் வாடை இல்லை, சாவு வாடை இல்லை. செடியின் பெயரும் அதன் குணமும் ஒரே வேரில் வந்து அமர்கின்றன.

நைவு குறித்து: நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். நைதலும் நெய்தலும் உறவு என்பது என் நெடுநாள் கருத்து...

குற்றியலுகரம் எழுதியது:

நெடுநாள் கருத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள் ஐயா. கரந்துறைவு என்று கடைப்பையன் சொல்வானா? 'கரப்பு' என்றால் கரப்பான்பூச்சிதான் அவனுக்கு நினைவு வரும். ஆனாலும் ஔவையை நீங்கள் விட்டுவிட்டது வியப்பு. வற்றிய குளத்தைப் பறவை விட்டுப்போகும், 'கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே' ஒட்டி உறுவாரே உறவு என்றாளே. அதில் வரும் கொட்டி, மீன்தொட்டிக்காரர்கள் அப்போனோகெட்டன் என்று காசு கொடுத்து வாங்கும் இனம். இலை போனாலும் கிழங்கு குளத்தை விடாது.

வயற்காட்டான் எழுதியது:

ஔவையார் இருக்கட்டும். அந்தக் 'கிழங்கு' சரியா? பாடநூலில் அது மட்டநிலத்தண்டு. கிழங்கு வேறு, கந்தம் வேறு, குமிழம் வேறு.

தொட்டிக்காரன் எழுதியது:

ஐயா, இஞ்சியும் மஞ்சளும் மட்டநிலத்தண்டுதான்; சந்தையில் அவை கிழங்குதான். 'மட்டநிலத்தண்டை அழுத்திப் பாருங்கள்' என்றால் அட்டையை மடித்து மீன் தீனி போடுவார்கள்.

நாளை வெள்ளி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் பெரும்பாலோர் 'இலைக்கரைவு' பக்கம். முழு மனதோடு அல்ல, 'சரி, விடுங்கள்' என்கிற குரலில். அறிவியல் ஆசிரியர் சொன்னது சரிதான், கரைசல் உண்டாவதில்லை. இருந்தும் கடையில் வாயில் வருகிற வினை 'கரைஞ்சு போச்சு'. பெயர்ச்சொல் அதை ஒட்டி நிற்கட்டும். அட்டையில் இப்படி வருகிறது:

"இலைக்கரைவு: நட்ட புதிதில் இலைகள் குழைந்து உதிரும். செடியைப் பிடுங்க வேண்டாம். குழைந்த இலைகளை வெட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீரில் மக்கினால் அம்மோனியா ஏறி மீன் சாகும். கிழங்கை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் செடிக்கு உயிர் உண்டு. கொழகொழவென்று நாற்றம் அடித்தால் மட்டும் எடுத்து எறியுங்கள். மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்."

வல்லைவெளி எழுதியது:

'குழைந்து உதிரும்' என்று நீங்களே எழுதிப்போட்டு, தலைப்பில் கரைவு! சரி, அச்சடியுங்கோ. என்ர வகுப்பில் நைவுதான்.

வேர்தேடி எழுதியது:

கரந்துறைவை நான் திரும்பப் பெறவில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன். நெய்தல் குறித்துத் தனி இழை தொடங்குகிறேன்.

தொட்டிக்காரன் எழுதியது:

தொடங்குங்கள் ஐயா, ஆனால் சனிக்கிழமை. அட்டையின் பின்பக்கத்தில் இன்னொன்று இடிக்கிறது. தொட்டியில் வளர்க்கிற ஜாவா மாஸும் பாசி, அதன்மேல் வேண்டாமல் படர்கிற ஆல்காவும் பாசி. 'பாசியில் பாசி பிடித்தால் பாசியைக் கழுவுங்கள்' என்று வந்து நிற்கிறது. இரண்டில் ஒன்றுக்கு இன்றிரவுக்குள் வேறு பெயர் கிடைக்குமா? இல்லையென்றால் 'மாஸ்' அப்படியே போகிறது.