அம்மா வீட்டு கரண்ட் பில்லுல 100 யூனிட் இலவசம் கழியவே மாட்டேங்குது, யாருகிட்ட போயி கேக்கணும்?

மன்னை மல்லி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேல பாக்குறேன், அம்மா மட்டும் ஊர்ல தனியா இருக்கு, மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல ஒரு கிராமம். விதவை பென்ஷன், நூறு நாள் வேல, நடவு வந்தா நடவு, களை வந்தா களை, இவ்ளோதான் வருமானம். வீட்டுல ரெண்டு டியூப்லைட்டு ஒரு ஃபேனு டிவி, கவர்மெண்ட்டு குடுத்த மிக்சி கிரைண்டர், ஃபிரிட்ஜெல்லாம் கிடையாது. ரெண்டு மாசத்துக்கு எண்பது தொண்ணூறு யூனிட்டுதான் ஓடுது, ஆனா பில்லு எண்ணூறு ரூவாய்க்கு மேல வருது. பக்கத்து வீட்டுல இதே அளவு ஓடுறவங்களுக்கு பூஜ்யம்னு வருது. ஃபியூஸ புடுங்கிட்டு போயிடுவாங்கன்னு பயந்துக்கிட்டு அம்மா கைமாத்து வாங்கியாச்சும் தேதிக்குள்ள கட்டிடுது.

ஆதார் சேக்கலன்னா மானியம் ஏறாதுன்னு ஊர்ல யாரோ சொல்லிருக்காங்க. அம்மா பேங்குக்கு போயி பாஸ்புக்ல என்ட்ரி போட்டு பாத்துட்டு "பென்ஷன் மட்டுந்தான் ஏறிருக்கு, கரண்ட்டு மானியம் ஏறல" ன்னு போன் பண்ணுது. ஒரு நெட் சென்டர்ல மானியத்துக்கு அப்ளை பண்ணித் தர்றோம், ஐநூறு ரூவா ஆகும், வருமானச் சான்று ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிருக்காங்களாம். கட்டலாமா? கனெக்‌ஷன் அப்பா பேர்ல இருக்கு, அப்பா இப்ப இல்ல.

வெண்ணாத்தங்கரை:
அக்கா அந்த ஐநூற கட்டிடாதீங்க. அப்படி ஒரு அப்ளிகேஷனே கிடையாது. 100 யூனிட் இலவசம் 2016 மே 23ஆம் தேதி அறிவிச்சது, வீட்டு கனெக்‌ஷன் எல்லாத்துக்கும் உண்டு, ஏழை பணக்காரங்கன்னு பாக்குறதில்ல, வருமானச் சான்றும் வேணாம், ரேஷன் கார்டும் வேணாம். அம்மாவ இன்னொரு தடவ பேங்குக்கு அலைய விடாதீங்க. கேஸ் மானியம் மாதிரி இது அக்கவுண்ட்ல ஏறாது, பில்லு போடும்போதே கழிஞ்சிடும்.

சோழமண்டலம்:
ஆதார் லிங்க் பண்ணலன்னா மானியம் கட்டுன்னு நியூஸ்லயே போட்டாங்களே? முதல்ல அத பாருங்க.

குறுவைக்காரன்:
ஆதார் சேக்குறது 2022 நவம்பர்ல ஆரம்பிச்சு, தேதிய தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி 28 வரைக்கும் போச்சு. சேக்கலன்னா சேத்துருங்க, அதுக்கும் காசு கிடையாது. அப்பா பேர்ல இருந்தாலும் அம்மா ஆதாரையே போடலாம், ஓனரு ஆனா கனெக்‌ஷன் பேரு இன்னும் மாத்தலன்னு அதுலயே ஒரு ஆப்ஷன் வச்சிருக்காங்க. ஆனா 90 யூனிட்டுக்கு 800 ரூவான்னா அது ஆதார் பிரச்சன மாதிரி தெரியல எனக்கு. வீட்டு ரேட்டுல இலவசத்தையே கழிக்கலன்னாலும் அவ்ளோ வராதே.

ரிட்டயர்டு ரெவின்யூ:
தம்பி சொல்றது சரி. மல்லி, நான் ஈபியில பில்லிங் பக்கம் வேல பாத்து ரிட்டயர்டு ஆனவன். மூணு விஷயம் கேட்டு சொல்லும்மா. மீட்டர் அட்டையில மேல டாரிஃப்னு ஒரு இடம் இருக்கும், எந்த வகை கனெக்‌ஷன், எந்த ரேட்டுன்னு காட்டுறது அது, அதுல வீட்டுக்கு உண்டான 1ஏ ன்னு போட்டுருக்கா, வேற எதாவதா? பில்லுல ஃபிக்சட் சார்ஜ்னு, யூனிட் காசு போக தனியா, ஒரு லைன் வருதா? கடைசி ரெண்டு ரீடிங்கும் எந்தெந்த தேதியில எடுத்துருக்காங்க? அப்புறம் அது முன்னாடி கூரை வீடா இருந்து கஜா புயலுக்கு அப்புறம் கட்டுன வீடான்னும் சொல்லு, குடிசை சர்வீஸ்னா கணக்கே வேற.

மன்னை மல்லி:
சார் ரொம்ப நன்றி. கூரை வீடு இல்ல, தாத்தா காலத்து ஓட்டு வீடு, கஜாவுல ஓடு கொஞ்சம் பறந்துச்சு, அதோட சரி. பக்கத்து வீட்டு பையன விட்டு அட்டைய ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன். டாரிஃப்ங்கற இடத்துல 5 ன்னு ரோமன் எழுத்துல இருக்கு. மெசேஜ்ல வந்த பில்ல நெட்ல போயி பாத்தா ஃபிக்சட் சார்ஜ்னு தனியா இருக்கு சார். தேதி எல்லாம் ரெண்டு மாசம் ரெண்டு மாசமா சரியா இருக்கு.

ரிட்டயர்டு ரெவின்யூ:
அப்ப இதுதான் விஷயம். 5 ங்கறது கடை டாரிஃப்மா. வீட்டு கனெக்‌ஷனுக்கு ஃபிக்சட் சார்ஜ் 2022 செப்டம்பரோட எடுத்தாச்சு, இன்னிக்கு ஒரு பில்லுல அந்த லைன் இருந்தாலே அது சாதாரண வீட்டு பில்லு இல்லன்னு புரிஞ்சுக்கலாம். வீட்டுல முன்னாடி எதாவது கடை இருந்துச்சா?

மன்னை மல்லி:
ஆமா சார்!! அப்பா திண்ணையில பெட்டிக்கடை வச்சிருந்தாரு, சோடா, முறுக்கு, பீடி, புள்ளைங்களுக்கு நோட்டு பென்சில்னு. அவரு போனதுக்கு அப்புறம் கடையே கிடையாது, பலகைய கூட எடுத்தாச்சு. இப்ப அந்த திண்ணையில அம்மா நெல்லுதான் காய வைக்குது.

ரிட்டயர்டு ரெவின்யூ:
சரி, பொறுமையா படிம்மா, மத்தவங்களும் படிங்க, இந்த மாதிரி வீடு நம்ம பக்கம் நெறைய இருக்கு, கடை மூடிருக்கும், தறி நின்னிருக்கும், டியூஷன் சென்டர் போயிருக்கும், டாரிஃப் மட்டும் பழசுலயே கிடக்கும். மானியம்ங்கறது ஆளுக்கு குடுக்குறது இல்ல, டாரிஃப்புக்கு குடுக்குறது. இந்த இந்த டாரிஃப்ல இவ்ளோ யூனிட்டுக்கு நான் பொறுப்புன்னு கவர்மெண்ட்டு சொல்லி அந்த பணத்த மின் வாரியத்துக்கு கட்டுது, 2003 மின்சார சட்டத்துல 65ஆவது பிரிவு அத முன்கூட்டியே கட்டணும்னே சொல்லுது. கம்ப்யூட்டருக்கு உங்க அம்மா விதவையா, நூறு நாள் வேலைக்கு போறாங்களான்னு எதுவும் தெரியாது, டாரிஃப் 1ஏ வா, ரெண்டு மாசத்துல எத்தன யூனிட்டு, இவ்ளோதான் அது பாக்கும். 1ஏ ன்னா மொத நூறு யூனிட்டு கழிஞ்சிடும், 101லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35, அதுக்கு மேல 400 வரைக்கும் 4.70. உங்க அம்மாவுக்கு 90 ஓடுனா பூஜ்யம். 130 ஓடுனா முப்பது யூனிட்டுக்கு மட்டும், 70 ரூவா 50 பைசா. 5 ன்னா மொத யூனிட்லேர்ந்தே காசு, கடை ரேட்டு, அது மேல கிலோவாட்டுக்கு இவ்ளோன்னு ஃபிக்சட் சார்ஜ், ஒரு யூனிட்டு கூட இலவசம் கிடையாது.

அதனால நீ பண்ண வேண்டியது டாரிஃப் மாத்த சொல்லி ஒரு மனு. கடைய மூடியாச்சு, இப்ப குடியிருக்க மட்டுந்தான் வீடு, 5லேர்ந்து 1ஏ வுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதி சர்வீஸ் நம்பர் போட்டு, வீட்டு வரி ரசீது, ஆதார் ஜெராக்ஸ் வச்சு செக்‌ஷன் ஆபீஸ்ல குடுக்கணும், நெட்லயும் போடலாம். வந்து பாத்துட்டு போவாங்க. திண்ணையில கடை சாமான், போர்டு, குளிர்பான ஸ்டிக்கர் எதாவது ஒட்டிக்கிட்டு இருந்தா கிழிச்சு போட்டுருங்க, பாக்க வர்றவங்களுக்கு சந்தேகமே வரக்கூடாது. முக்கியமா, மனு குடுத்ததுக்கு அத்தாட்சி வாங்காம அம்மா ஆபீஸ விட்டு வெளிய வரக்கூடாது. எந்த தேதியில குடுத்தோம்ங்கறதுதான் பின்னாடி பேச்சுக்கு நிக்கும்.

பேரு மாத்துறது தனி வேல. வாரிசு சர்டிபிகேட் வாங்கி, மத்த வாரிசுங்க சம்மதத்தோட அதையும் அம்மா பேருக்கு மாத்திருங்க, ரெண்டையும் ஒண்ணா குடுத்துட்டா அம்மாவுக்கு ஒரு அலைச்சல் மிச்சம்.

கீழத்தஞ்சை வாசி:
இத்தன காலம் கூடுதலா கட்டுன காசு திரும்ப வருமா சார்? பாவம் அந்த அம்மா.

ரிட்டயர்டு ரெவின்யூ:
நம்பிக்கை குடுக்க மாட்டேன் தம்பி. கடைய மூடுனத சொல்லாத வரைக்கும் அவங்க கணக்குல அது கடைதான். இருந்தாலும் கடை மூடுன தேதிய மனுவுல எழுதட்டும், அப்பாவோட இறப்பு சான்று இருக்கே, ஜெராக்ஸ் சேக்கட்டும். மாத்தாம இழுத்தடிச்சா மின் வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987ல புகார் போட்டு நம்பர் வாங்கிக்கணும், அதுக்கும் மசியலன்னா மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கு, அங்க வக்கீல் இல்லாமலே போகலாம்.

பெரியகோயில் பக்கம்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், தஞ்சாவூர்ல வாடகை வீடு. ஒரே கனெக்‌ஷன், மூணு குடித்தனம், ஓனரு சப்மீட்டர் வச்சு யூனிட்டுக்கு பத்து ரூவான்னு வாங்குறாரு. எங்களுக்கு 100 யூனிட் கேட்டா "அது எனக்கு வந்த சலுகை" ங்கறாரு. நாங்க ரெண்டு பேரும் ஜவுளிக்கடையில நின்னு சம்பாதிக்கிறோம்.

குறுவைக்காரன்:
கேக்கவே வயிறு எரியுது. மூணு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டருன்னா ஒரே ஒரு நூறுதான் கழியும், மூணு பேரு ஓட்டுறதும் சேந்து மேல் ஸ்லாபுக்கு, அதாவது கூடுதல் ரேட்டுக்கு வேற ஏறிடும். தனித்தனி சமையக்கட்டு, தனி வாசல்னு இருந்தா ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி கனெக்‌ஷன் ஓனரு கேட்டு வாங்கலாம், அப்பதான் உங்களுக்குன்னு ஒரு நூறு வரும், வாடகைக்காரங்க ஆதாரையே அதுல சேக்கலாம். வாங்குற செலவுல நாங்களும் பங்கு தர்றோம்னு பேசிப் பாருங்க. ஓனரு ஒத்துக்கலன்னா வழி கஷ்டம்தான், உண்மைய சொல்லணும்ல.

திருபுவனம் பாவு:
தறி பேச்சு வந்ததால சொல்றேன். கைத்தறி நெசவாளருக்கு 2023ல 200லேர்ந்து 300 யூனிட்டா ஏத்தினாங்க, அதுவும் ரெண்டு மாசத்துக்கு. எங்க தெருவுல பாதி பேருக்கு இன்னும் 100 தான்னு நெனப்பு. தறி ஓடுற வீட்டுக்காரங்க பில்லுல எவ்ளோ கழியுதுன்னு ஒரு தடவ எடுத்து பாத்துருங்க.

மன்னை மல்லி:
சார், அண்ணன்மாரே, லீவு போட்டு ஊருக்கு வந்து நானே அம்மாவ கூட்டிக்கிட்டு போயி மனு குடுத்துட்டேன், சீல் வச்ச நகல் கையில இருக்கு. ஒருத்தரு வந்து திண்ணைய, உள்ள இருக்குற ஃபேனு லைட்ட எல்லாம் பாத்துட்டு கையெழுத்து வாங்கிட்டு போனாரு. இன்னிக்கு நெட்ல பாத்தேன், டாரிஃப் 1ஏ ன்னு மாறிருக்கு. அம்மாகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குது, பில்லு வரட்டும்ங்குது. வாரிசு சர்டிபிகேட்டுக்கு தாலுகா ஆபீஸ்ல போட்டாச்சு, அண்ணன் சம்மதக் கையெழுத்து மட்டும் சிங்கப்பூர்லேர்ந்து வரணும்.

ஐயாறு:
சந்தோஷம்மா. ரிட்டயர்டு சார், எனக்கும் ஒண்ணு. கூட்டுக் குடும்பம், ஏழு பேரு, டாரிஃப் 1ஏ தான். எப்பவும் 470, 480 யூனிட்டு வரும். இந்த தடவ 510 வந்துச்சு, பில்லு நானூறு ரூவாய்க்கு மேல எகிறிடுச்சு. முப்பது நாப்பது யூனிட்டுக்கு இவ்ளோவா?

ரிட்டயர்டு ரெவின்யூ:
500ங்கறது ஒரு வரப்பு, தாண்டுனா ஒரு மானியம் போயிடும். 500 யூனிட்டுன்னா 1805 ரூவா. 510 ஆனா 2124. அந்த பத்து யூனிட்டோட விலை 84 தான், மீதி 235 எதுன்னா, 101லேர்ந்து 200 வரைக்கும் பாதி ரேட்டு போட்டாங்கல்ல, அது 500க்கு மேல போனவங்களுக்கு கிடையாது, அந்த நூறும் 4.70க்கு ஏறிடும். மொத நூறு மட்டும் எப்பவும் போல கழியும்.

இப்ப அட்டைய எடுத்து ரெண்டு ரீடிங் தேதிக்கும் நடுவுல எத்தன நாளுன்னு எண்ணிப் பாருங்க. அறுபது நாளு கிட்ட இருந்தா உங்க ஓட்டம் கூடிருக்குன்னு அர்த்தம். அறுபத்தஞ்சு எழுபதுன்னு இருந்தா ரீடிங் லேட்டானதால தாண்டிருக்கு, அந்த தேதிகள போட்டு ரெண்டு மாசக் கணக்குக்கு சரிபண்ணி பில்ல மாத்தி போடுங்கன்னு எழுதிக் குடுங்க. 2020 கொரோனா சமயத்துல நாலு மாசத்த சேத்து ரீடிங் எடுத்தப்ப ரெண்டா பிரிச்சு, ரெண்டு பாதிக்கும் தனித்தனியா நூறு கழிச்சுதான் போட்டாங்க, அதையும் மனுவுல சொல்லுங்க. அடுத்த தடவ ரீடிங் தேதி நெருங்கும்போது மீட்டர்ல ஓடுற நம்பர்லேர்ந்து அட்டையில கடைசியா எழுதுன நம்பர கழிச்சு பாத்துக்கிட்டே வாங்க, ஆளு வர லேட்டானா அன்னிக்கே மீட்டர ஃபோட்டோ புடிச்சு வச்சுக்கிட்டு மின்னகத்துக்கு போன் போட்டுருங்க.

ஐயாறு:
எண்ணிட்டேன் சார், அறுபத்தேழு நாளு. நாளைக்கே எழுதிக் குடுக்குறேன்.