"ஏன் இந்தத் துறை?" – உங்களை மாட்டிவிட்ட கேள்வி எது?

பட்டர்வொர்த் பையன்:
சிவில் இன்ஜினியரிங், இங்கிலாந்துல ஒரு யூனி, ஸூம்ல இண்டர்வியூ. பெங்காவாஸ் (பள்ளி மாணவத் தலைவர்), பேச்சுப்போட்டின்னு சர்ட்டிபிகேட் ஃபைல் தடியா வச்சிருந்தேன். அந்தப் பேராசிரியர் அது பக்கமே வரல. "தினம் பாக்கற கட்டுமானம் ஒண்ணு சொல்லு"ன்னாரு. பினாங்கு பாலம்னேன். "வரைஞ்சு காட்டு." மவுஸ வச்சு கோணல்மாணலா வரைஞ்சேன். "நடுவுல மட்டும் ஏன் கேபிள்?" கப்பல் போக வழி வேணும், அந்த 225 மீட்டருக்கு இடையில தூண் வைக்க முடியாதுன்னேன். "சரி, இந்த ஒரு கேபிள் அறுந்துச்சுன்னா பக்கத்துல இருக்கறதுக்கு என்ன ஆகும்?" யோசிச்சு யோசிச்சு ஏதோ சொன்னேன். "நல்லது, அடுத்து"ன்னுட்டாரு. இடம் கிடைச்சது. ஆனா நான் சொன்னது சரியா தப்பான்னு மட்டும் இன்னும் தெரியல.

செந்தூல் அக்கா:
பாலம் பக்கத்துல இருந்ததால தப்பிச்சீங்க தம்பி. என் தங்கச்சி எஸ்.டி.பி.எம்.ல (நம்ம மலேசியாவுல யூனிக்கு முந்தின பரீட்சை) 4.00, அதுக்கு மேல இல்ல. யூகாஸ்ல, அதான் இங்கிலாந்து யூனிங்களுக்கு மனு போடற பொதுத் தளம், அஞ்சு இடத்துக்குப் போட்டா, மூணு சட்டம், ரெண்டு சைக்காலஜி. சட்டம் மூணும் ரிஜெக்ட். ஒரு இடத்துல மட்டும் காரணம் சொன்னாங்க: சட்டத்து மேல ஆர்வம் தெரியலயாம். யு.பி.யு.ல (இங்க அரசாங்க யூனிக்கு மனு போடறது) மெரிட்டுன்னா 90 படிப்பு, 10 கோக்கோ (புறப்பாடம்), கணக்கு நம்ம கையில. 'ஆர்வ'த்த எந்தத் தராசுல நிறுக்கறாங்க?

ஜெலுத்தோங் அங்கிள்:
செந்தூல் அக்கா, யூகாஸ்ல மனுவோட எழுதற கட்டுரை ஒண்ணுதான், அஞ்சு இடத்துக்கும் அதேதான் போகும். ரெண்டு துறைய அதுல கலந்தா, படிக்கற ரெண்டு பேருக்குமே இவ நம்ம ஆளு இல்லன்னுதான் தோணும். மார்க்குல குறை இல்ல. 2026 சேர்க்கையில இருந்து அந்தக் கட்டுரையவே மூணு கேள்வியா பிரிச்சுட்டாங்க: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படிச்சது எப்படித் தயார் பண்ணுச்சு, வகுப்புக்கு வெளியில என்ன செஞ்சே. மொத்தம் 4000 எழுத்து. அமெரிக்கா வேற கதை. எம்.ஐ.டி.ல துறை பாத்து எடுக்கறதில்ல, முதல் வருஷம் முடியறப்பதான் தேர்ந்தெடுக்கணும். பெர்க்லி இன்ஜினியரிங்ல மனு பாரத்துலயே துறைய எழுதணும், அதுக்குத்தான் எடைபோடுவாங்க. லேசான துறையில நுழைஞ்சு அப்புறம் கம்ப்யூட்டருக்குத் தாவலாம்னு ஏஜெண்ட் சொன்னா நம்பாதீங்க, நிறைய இடத்துல அந்தக் கதவு திறக்காது. என் மகனும் கம்ப்யூட்டருக்குத்தான் போட்டான். வீட்ல எந்நேரமும் உறுமி மேளம். அந்தச் சத்தத்த ரெக்கார்ட் பண்ணி, எந்த அடி எங்க விழுதுன்னு பிரிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினதத்தான் கட்டுரையில போட்டான். கிடைச்சது.

செந்தூல் அக்கா:
உறுமி அடிக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும் அங்கிள்? 17 வயசுல எத்தன பேருக்கு அப்படி ஒண்ணு அமையும்?

ஆயர் ஈத்தாம்:
உங்க சண்டைக்கு நடுவுல என்னோடது. மருத்துவம், உள்ளூர் யூனி, நேர்ல இண்டர்வியூ. "நோயாளிய பாத்துக்கணும்னா நர்ஸ் ஆகலாமே, ஏன் டாக்டர்?" எங்கம்மா ஜி.எச்.ல நர்ஸ். நைட் டூட்டி முடிஞ்சு வந்து என்னை அங்க கொண்டுவந்து விட்டதே அவங்கதான், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. டாக்டர்தான் உசத்திங்கற மாதிரி எதுவும் வாயில வரமாட்டேங்குது. நான் வாயத் திறக்கறதுக்குள்ள ஓரத்துல இருந்தவர் பேனாவ மூடிட்டாரு. கிடைக்கல, இப்ப பயோமெடிக்கல் படிப்புல இருக்கேன். அடுத்த வருஷம் என் தம்பி அதே இண்டர்வியூவுக்குப் போறான், அந்தக் கேள்விக்கு யார்கிட்டயாவது நல்ல பதில் இருந்தா போடுங்க. அங்கிள், சுருக்கமா.