தேவர் மகன் கடைசி சீன்ல எங்க தாத்தா அழுதுட்டாரு, ஏன்னு புரியல

காரிமங்கலத்தான்:
போன ஞாயித்துக்கிழமை டிவில தேவர் மகன் போட்டாங்க, வீட்ல நானும் தாத்தாவும் மட்டும்தான். எழுபத்தெட்டு வயசு, எந்த படமா இருந்தாலும் பாதில தூங்கிடுவாரு, அன்னைக்கு தூங்கல. தடத்துக்கு வேலி போட்டு மறிக்கற இடத்துலயே நிமிந்து உக்காந்துட்டாரு. கடைசில வில்லன் மாயன் தலை போகுது, சக்தி (கமல்) கைல அருவாளோட அப்படியே நிக்கறான், திரும்பி பாத்தா இவரு துண்டால வாய பொத்திகினு அழுவுறாரு. எனக்கு ஒண்ணும் புரியல, மாயன் படம் பூரா அநியாயம் பண்ணவன், கரைய ஒடச்சு ஊர மூழ்கடிச்சவன், அவன் செத்தா நிம்மதிதானே வரணும்? கேட்டேன், பதிலே சொல்லாம மாட்டுக்கு தண்ணி காட்ட எந்திரிச்சு போயிட்டாரு.

எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் வண்டித்தடம் தகராறு ஒண்ணு இருக்கு, நான் பொறக்கறதுக்கு ரொம்ப முந்தியே வந்தது. ரெண்டு மாந்தோப்புக்கு நடுவுல ஒரு மாட்டுவண்டி போற அகலம், அவ்ளோதான். அவங்க வீட்டு சாவுக்கு நாங்க போறதில்ல, எங்க வீட்டு கல்யாணத்துக்கு அவங்க வர்றதில்ல. அதனால அழுதாரோ என்னவோ, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு மண்டிக்காரர்:
தம்பி, 1992 தீபாவளிக்கு அந்த படம் வந்தப்ப நான் பத்தாவது, தர்மபுரிக்கு பஸ் ஏறி போயி பாத்தோம். சிவாஜி வர்ற சீனுக்கெல்லாம் விசில்னா விசில், காது அடைச்சு போச்சு. அதே கூட்டம் அந்த கடைசி வெட்டுல கப்புன்னு அடங்கிடுச்சு, ஒருத்தன் கத்தல. ஏன்னா சக்தி வெட்டணும்னு போகலப்பா, ஊரே மாயனை தொரத்திகினு வருது, இவன் அவனை காப்பாத்தத்தான் போறான், சரணடைஞ்சுடுன்னு கெஞ்சுறான், கைகலப்புல அது நடந்துடுது. பழிய நாங்க ஏத்துக்கறோம்னு ஊர்க்காரங்க முன்ன வர்றாங்க, அதையும் வேணாம்னுட்டு போலீஸ்ல நிக்கறான். எந்த ரயில்ல வந்து எறங்குனானோ அதே மாதிரி ரயில்ல ஏறி போறான். கதை கமல் எழுதுனது, டைரக்ஷன் பரதன், கேமரா பி.சி.ஸ்ரீராம். பழி தீந்துச்சுன்னு நம்மள கைதட்ட விடாம அனுப்புன படம் அது, அதான் இன்னும் மனசுல நிக்குது.

கூத்துக்காரன் மகன்:
உங்க தாத்தாவுக்கு இது சினிமாவுல மொதல்ல தெரிஞ்சது இல்லீங்க. காரிமங்கலம் பக்கம்னா சின்ன வயசுலேர்ந்து திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பாத்திருப்பாரு, பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசில துரியோதனன் படுகளம். எங்கப்பா கட்டியங்காரன் வேஷம், அதாவது கூத்துல கோமாளி மாதிரி வந்து கதைய நடத்தி போறவரு, அந்த வேஷம் கட்டுவாரு, நான் கூடவே போயிருக்கேன். மைதானத்துல மண்ணால துரியோதனனை படுக்க வெச்சிருப்பாங்க, பத்து ஆளு படுத்தா எவ்ளோ நீளமோ அவ்ளோ. பீமன் வேஷக்காரர் தொடைல அடிப்பாரு, உள்ள பொதச்சு வெச்ச செவப்பு தண்ணி பீறிகினு வரும், அத தொட்டு பாஞ்சாலி விரிச்ச தலைய முடிவா. சபையில சேல இழுத்த அவமானம், அன்னைக்கு போட்ட சபதம், எல்லாம் அந்த ஒரு முடிச்சுல தீரும், ஜனம் கும்பிடும்.

ஆனா அதோட நிக்காது. செத்தவன் பொண்டாட்டி பெருந்திருவாள் தலைவிரி கோலமா வந்து மாருல அடிச்சிகினு ஒப்பாரி வெப்பா பாருங்க, அதுவரைக்கும் துரியோதனன் ஒழிஞ்சான்னு இருந்த எங்க ஊர் பொம்பளைங்க அத்தனை பேரும் அழுவாங்க. அவன் கெட்டவன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அழுவாங்க. அப்புறம் அந்த மண்ண ஆளுக்கு ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துட்டு போவாங்க. கதையிலயும் பாருங்க, ஜெயிச்ச அன்னைக்கு ராத்திரியே அசுவத்தாமன் வந்து பாஞ்சாலியோட தூங்கற புள்ளைங்க அஞ்சையும் கொன்னுட்டு போயிடுறான். பாண்டவங்களும் கௌரவங்களும் பங்காளிங்கதான், மண்ணுக்கு அடிச்சிகிட்டவங்கதான். மாயனும் சக்திக்கு சித்தப்பா மகன். இதெல்லாம் பாத்து வளந்த மனுசன் டிவில அதையே பாத்தா அழுவாம என்ன செய்வாரு.

ஊத்தங்கரை வாத்தியார்:
நீங்க எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா எனக்கு அந்த படத்து மேல ஒரு மனக்கொற உண்டு. முடிவுல சக்தி புள்ளைங்கள படிக்க வைங்கன்னு சொல்லிட்டு போறாரு, ஆனா ஊர்ல ஸ்பீக்கர்ல போட்டது அந்த அறிவுரைய இல்ல, சாதிப்பெருமை பாட்டதான். மீசை முறுக்குறது மட்டும் பசங்க மனசுல ஏறுச்சு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் கௌரவம்னு சொல்லி பெத்த புள்ளைங்களையே என்ன பண்ணாங்கன்னு நமக்கு தெரியும், அதனால இத லேசா விட முடியல. எட்டாவது படிக்கற பசங்களுக்கு நான் போட்டு காட்டணும்னா அசுரன்தான், 2019ல வந்தது, பூமணி எழுதுன வெக்கை நாவல்தான் மூலம். அதுல பழி வாங்குன பையன கூட்டிகினு அப்பங்காரன் காட்டுல ஒளியறான் பாருங்க, பசி, பயம், ஒரு நாய் கொலச்சாலும் நடுக்கம், ஒரு வெட்டுக்கு அப்புறம் குடும்பம் எப்படி ஆகுதுன்னு பூரா அதுல இருக்கு.

காரிமங்கலத்தான்:
கூத்துக்காரர் அண்ணா எழுதுனத தாத்தாவுக்கு படிச்சு காமிச்சேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, அந்த தடத்துல வெச்சு அவரோட அண்ணன் பங்காளிய தோள்ல வெட்டிட்டாராம், ஜெயிலுக்கு போனாராம், வெட்டு வாங்கினவரு தாத்தா கூட ஒரே பெஞ்சில படிச்சவராம். கைய மேல தூக்க முடியாம அந்த மனுசன் கடைசி வரைக்கும் எடது கைல களி தின்னாராம், தாத்தா தூரத்துலேர்ந்து பாத்திருக்காரு. வீட்ல யாரும் இத எனக்கு சொன்னதே இல்ல, எனக்கு இருபத்தாறு வயசு ஆகுது.

வாத்தியார் சார், அசுரனும் அவருக்கு போட்டு காட்டுறேன். அண்ணா, உங்க ஊர்ல படுகளம் எப்ப, தாத்தா கேக்குறாரு.

கூத்துக்காரன் மகன்:
வைகாசில வருதுப்பா, தேதி குறிச்சதும் இங்கயே போடறேன். காலைல நேரத்தோட கூட்டி வா, வெயில் ஏறிடும், தாத்தாவுக்கு புளியமரத்து நெழல்ல கட்டில் போட்டு வெக்கிறேன்.