டைல்ஸை உடைக்காமல் கசிவைக் கண்டுபிடிக்க முடியுமா?
கோவை நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் இருமடங்காகிவிட்டது. குழாய் எதுவும் சொட்டவில்லை. மீட்டரை அடுத்த வால்வை மூடினால் மீட்டருக்குள் சுழலும் சின்னஞ்சிறு சக்கரம் நின்றுவிடுகிறது. ஆக, கசிவு வீட்டுப் பக்கம்தான். ஃபிளஷ் தொட்டியில் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டுக் காத்திருந்தேன், கோப்பையில் நிறம் இறங்கவில்லை. மாடித் தொட்டியின் கேட் வால்வுகளை இரவில் மாற்றி மாற்றி மூடியதில், குளியலறை லைன் திறந்திருந்தால் மட்டும் விடிவதற்குள் நீர்மட்டம் நான்கு விரற்கடை இறங்குகிறது. சுவரிலோ ஈரமே இல்லை!

வரும் பிளம்பர்கள் எடுத்த எடுப்பில் சுத்தியலைத்தான் தேடுகிறார்கள். அழுத்தச் சோதனை செய்தோ, ஒலி கேட்கும் கருவி வைத்தோ இடத்தைக் குறித்துத் தருபவர் யாரையேனும் தெரியுமா? கூலி எவ்வளவு? பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்பதால், பேசாமல் வெளிச்சுவர் வழியாகப் புது லைனே இழுத்துவிடலாமா?