புதிய விசுவாசிக்குப் பிரசங்க மேடை கொடுக்கலாமா?

நெல்லைச்சீமை:
எங்கள் சபையில் ஒரு தம்பி, குடியிலிருந்து மீண்டவர். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாட்சி சொன்னால் சபையே அழுகிறது. அடுத்த மாத உபவாசக் கூடுகையில் அவரையே தேவசெய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்காணியாக, அதாவது சபையை நடத்துகிறவனாக வருகிறவன் நூதன சீஷனாக, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக்கூடாது, இறுமாப்படைந்து விழுவான் என்கிறார் பவுல் (1 தீமோத்தேயு 3:6). சாட்சி வேறு, செய்தி வேறு இல்லையா?

மேய்ச்சல்நிலம்:
அது கண்காணிக்குச் சொன்னது பிரதர். இவரை யாரும் பாஸ்டர் ஆக்கவில்லையே! சவுல் (அதே பவுல்தான்) ஞானஸ்நானம் பெற்றதும் தமஸ்குவில் தாமதமின்றிப் பிரசங்கித்தார் (அப்போஸ்தலர் 9:20). லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து குணமானவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியும் இயேசு விடவில்லை, வீட்டுக்குப் போய்ச் சொல் என்று அனுப்பினார். தெக்கப்போலி நாடு முழுக்கச் சொன்னான். எந்த பைபிள் காலேஜில் படித்தான்?

நெல்லைச்சீமை:
அவன் சொன்னது தனக்கு நடந்ததை. அதைத்தான் நானும் சாட்சி என்கிறேன். சவுலோ கமாலியேல் என்ற யூத வேத போதகரின் பாதத்தில் வேதம் படித்தவர். அவரே அரபி தேசத்துக்குப் போய், மூன்று வருஷம் கழித்துத்தான் எருசலேமுக்கு வந்தார் (கலாத்தியர் 1). அழவைப்பதை வைத்து முதிர்ச்சியை அளக்காதீர்கள். கொரிந்து சபைக்கு ஒரு வரத்திலும் குறைவில்லை. ஆனாலும் குழந்தைகள் என்றுதான் எழுதுகிறார் பவுல். காரணம், பொறாமையும் வாக்குவாதமும்.

மேய்ச்சல்நிலம்:
வரத்தை வைத்து அளக்கக்கூடாது, சரி. வருஷத்தை வைத்து மட்டும் அளக்கலாமா? பவுல் தீத்துவுக்கு எழுதின நிருபம், முதல் அதிகாரம் எடுத்துப் பாருங்கள். கிரேத்தா தீவில் பட்டணந்தோறும் மூப்பரை, அதாவது சபைக் கண்காணிகளை வைக்கச் சொல்கிறார். தகுதிப் பட்டியல் ஏறக்குறைய தீமோத்தேயுவுக்குக் கொடுத்ததுதான். ஆனால் நூதன சீஷன் கூடாது என்ற வரி மட்டும் அதில் இல்லை! சபை புதுசு, அதனால்தான் என்று நினைக்கிறேன். லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் பவுலும் பர்னபாவும் சபை தொடங்கிய அதே பயணத்தில் திரும்பி வரும்போதே மூப்பர்களை வைத்துவிட்டார்கள் (அப்போஸ்தலர் 14:23).

தீத்து விஷயம் நான் கவனித்ததே இல்லை என்று எத்தனை பேர் சொல்லப்போகிறீர்களோ.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
அண்ணாச்சி, ரெண்டு பேரும் அந்தத் தம்பியை விட்டுவிட்டு வசனத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற பிரசங்கி அப்பொல்லோவை மறந்தாச்சா? சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன். ஆனால் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஸ்நானம் மட்டும்தான் தெரியும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவன் வாயை அடைக்கவில்லை, ஜெப ஆலயத்திலேயே எழுந்து திருத்தவுமில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு விவரமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கூடாரம் தைக்கிற புருஷனும் பெண்சாதியும் சொன்னதை அவ்வளவு பெரிய பேச்சாளன் கேட்டுக்கொண்டான். நான் முதிர்ச்சியைத் தேடுவது அங்கேதான். உங்கள் தம்பியிடம் தப்பு இருந்தால் யார் சொல்வார்கள்? சொன்னால் கேட்பாரா?

மேய்ச்சல்நிலம்:
நல்ல கேள்வி சிஸ்டர். ஆனால் இருபது வருஷ விசுவாசிகளிடமும் கேட்கணும். கமிட்டி எலெக்‌ஷன் சமயத்தில் ஒரு மூத்தவரைத் திருத்திப் பாருங்கள், தெரியும். பரீட்சை புதுசா வந்தவருக்கு மட்டும் ஏன்?

நெல்லைச்சீமை:
எலெக்‌ஷன் பேச்சை எடுத்தால் நான் அவுட். 😀 போதகரிடம் பேசுகிறேன். தம்பி சாட்சி சொல்லட்டும், செய்தி வேறொருவர் கொடுக்கட்டும்.

மேய்ச்சல்நிலம்:
அந்த வேறொருவர் யார் என்றும் எழுதுங்கள். டீச்சர் கேட்ட ரெண்டு கேள்வியை அவரிடமும் கேட்போம்.