ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட்: சர்க்கரை கீட்டோஅசிடோசிஸ் மட்டும்தானா?

கேள்வி (எம்.எஸ்சி. நர்சிங், முதலாண்டு):
டிகேஏ (சர்க்கரை நோயால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகும் நிலை) நோயாளி. பிஎச் 7.20, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 32, பைகார்பனேட் 12, சோடியம் 138, குளோரைடு 100. கார்பன் டை ஆக்சைடு 35-க்குக் கீழேதானே இருக்கிறது, நுரையீரல் சரியாக ஈடுகட்டுகிறது என்று எழுதலாமா?

பதில் 1:
எழுதக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். 35–45 என்ற அளவோடு ஒப்பிடாதீர்கள். பைகார்பனேட்டுக்கு ஏற்ப கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் விண்டர்ஸ் சூத்திரத்தைப் போடுங்கள். 1.5 × 12 + 8 = 26, கூடக்குறைய 2. அதாவது 24–28 இருக்க வேண்டும். 32 என்றால் கூடவே சுவாச அமிலத்தேக்கமும் (மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்குவது) இருக்கிறது. மூச்சுத் தசைகள் களைக்கின்றனவா, அரைமயக்கமா, நிமோனியாவா என்று பாருங்கள். உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டிய ரிப்போர்ட் இது.

பதில் 2:
அனயான் கேப் (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது; கூடினால் ரத்தத்தில் கீட்டோன் போன்ற அமிலம் சேர்ந்திருக்கிறது): 138 − (100 + 12) = 26. இயல்பு 8–12தான். ஆல்புமின் (ரத்தப் புரதம்) 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்டிக்கொள்ளுங்கள்.

பதில் 3:
கணக்குக்கு முன்னால் சிரிஞ்சைப் பாருங்கப்பா! திரவ ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) மிஞ்சினால் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் பொய்யாகக் குறையும். காற்றுக்குமிழியை உடனே வெளியேற்றி, 30 நிமிடத்துக்குள் மெஷினில் போடுங்கள். தாமதித்தால் ரத்த அணுக்களே ஆக்சிஜனைத் தின்றுவிடும், பிஎச் இறங்கும்.

கேள்வி கேட்டவர்:
ஆல்புமின் 2.8.

பதில் 2:
அப்படியானால் 3 கூட்டுங்கள். 29.